உமி அடுப்பும் தறப்பாள் மூடிய விறகும்

என் கண்ணான மச்சாள் வதனிக்கு,

நீ இருக்கிற இடத்தில் புகை இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இருந்தால் இந்நேரம் அங்கேயும் ஒரு தகரமும் காத்தாடியும் தேடித் திரிவாய். உன்னைத் தெரியாதா எனக்கு?

இருப்புக் கொள்ளவில்லை, மச்சாள். விடிந்ததிலிருந்து மூன்றாம் தரமும் முற்றம் கூட்டிவிட்டேன். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நீ முத்தம் கூட்டுறியோ, கிணறு வெட்டுறியோ?" என்று கேட்டார். ஒரு நேரத்தில் வாய் மூடிக் கிடக்கத் தெரியாத மனுசன். தும்புத்தடியை மூலையில் எறிந்துவிட்டு, குசினி வாசலில் கதிரையைப் போட்டு இதை எழுதத் தொடங்கினேன்.

இன்று கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். உன் உமி அடுப்பைப் பார்க்கத்தான். சும்மா இல்லை, இரண்டாம் தரமாக வருகிறார்கள். முதல் தரம் வந்தபோது எங்கள் சனம் ஆடிய கூத்தை உனக்குச் சொல்லாமல் இந்த நெஞ்சு ஆறாது.

பக்கத்தில் நின்று இதை வாசிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீ என் மாமாவின் மகள். ஸ்கந்தபுரத்தில் மாமாவின் சைக்கிள் கடையில் இரும்பு ஒட்டு வேலை பழகியவள். சாதாரண தரச் சோதனை எழுதப் போன வருடம் ஊரே இடம்பெயர்ந்தது. அதோடு உன் படிப்பும் நின்றது. திரும்பி வந்து என்னோடும் ராணியக்காவோடும் சேர்ந்து நெல் அவித்து, காயவைத்து, குத்திக் கொடுத்துச் சீவித்தாய். அவிக்கிற பீப்பாய்க்குக் கீழே எரிகிற விறகின் புகையைத் தின்று தின்று ஒருநாள் உனக்கு விசர் பிடித்தது. "மில்லுக்குப் பின்னாலை உமி மலை மாதிரிக் குவிஞ்சு கிடந்து சும்மா எரியுது. நாங்கள் இஞ்சை காட்டை வெட்டி எரிச்சு இருமிக்கொண்டு கிடக்கிறம். ஆருக்கடி விசர், எங்களுக்கோ மில்லுக்காரனுக்கோ?" என்றாய். பிறகு தார்ப்பீப்பாய்க்குள் ஒரு சின்னப் பீப்பாயை இறக்கி, பழைய கம்பியூட்டர் காத்தாடியைக் கீழே பூட்டி, மோட்டார் சைக்கிள் பற்றறியில் அதைச் சுற்றவிட்டு, உமியை எரிக்கிற அடுப்பு ஒன்றைச் செய்தாய். தொடக்கத்தில் கொஞ்சம் புகை. பிறகு புகையே நெருப்பாக மாறி நீலமாக நின்று எரியும். நெல் வாய் பிளந்து வரும்வரை கண்ணில் ஒரு சொட்டு நீர் வராது.

அந்த ஒரே அடுப்பைத்தான் நாங்கள் முறைவைத்து வீட்டுக்கு வீடு உருட்டிக்கொண்டு திரிந்தோம். முறை வராத நாளில் பழையபடி விறகுதான். இப்போது உள் பீப்பாயின் அடி உக்கி ஓட்டை விழுந்துவிட்டது. இரண்டு தரம் தகரம் வைத்து ஒட்டுவித்தேன், நிற்கவில்லை. தடித்த இரும்பு வேண்டும், அளவு தெரிந்து வெட்டுகிற பட்டறை வேண்டும், எவ்வளவு புகை வருகிறது என்று அளந்து பார்க்கிற கருவி வேண்டும். நீ இல்லாமல் இதையெல்லாம் எங்கே போய்த் தேடுவது? அடுப்பு செத்தால் உன்னை இன்னொரு தரம் கொண்டுபோய்ப் புதைத்தது போலத்தான் எனக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் தர்சினி வந்தாள். பிரதேச செயலகத்தில் புதிதாக வந்திருக்கிற பிள்ளை, வாய்க்காரி, நல்ல மனம். காபன் வெளியேற்றத்தைக் குறைக்கிற புதிய தொழில்நுட்பங்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கப் போகிறதாம், விண்ணப்பம் கோருகிறதாம். "அன்ரி, உங்கடை மச்சாளின்ரை அடுப்பைப் போடுவம். இதுக்கு மேலை என்ன தொழில்நுட்பம்?" என்றாள்.

நீ அந்த விண்ணப்பத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கண்டறியாத கேள்வியெல்லாம் கேட்டிருந்தார்கள். "தொழில்நுட்பத்தின் முதிர்ச்சி நிலை என்ன?" அடுப்புக்கு வயது கேட்கிறார்கள் என்று நினைத்து நான் ஏழு என்று சொல்ல, தர்சினி சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டாள். கண்டுபிடித்தவரின் கல்வித் தகைமை கேட்ட இடத்தில் உன் படிப்பு பாதியில் நின்ற கதையைச் சொன்னேன். பிறகு அவள், "சைக்கிள் கடை எண்டு எழுதுவம். பொய் இல்லைத்தானே" என்று எழுதினாள்.

முக்கியமான கேள்வி ஒன்று இருந்தது. இப்போது எவ்வளவு விறகு எரிக்கிறீர்கள், புதிய அடுப்பு வந்தால் எவ்வளவு எரிப்பீர்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் நாங்கள் குறைக்கிற காபன். அந்த வித்தியாசத்துக்குத்தான் மானியம். இதை நேரில் வந்து வீடு வீடாகக் கேட்டு எழுதுவார்கள் என்றாள் தர்சினி.

வந்தார்கள். வந்து கேட்டார்கள். எங்கள் சனம் என்ன சொன்னது தெரியுமா?

ராணியக்கா வீட்டில் நானும் நின்றேன். அவர்தான் எங்கள் மாதர் சங்கத் தலைவி, ஊரில் அதிகம் நெல் அவிக்கிற ஆள். அவர் வளவின் பின்பக்கம் பாலைமரக் கொப்பும் வீரைக் கட்டையுமாக ஒரு ஆள் உயரத்துக்கு விறகு. ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அதன் மேல் தறப்பாளை இழுத்து மூடி, மேலே இரண்டு சருவச்சட்டியைக் கவிழ்த்து, போதாக்குறைக்கு ஆட்டுக்குட்டி ஒன்றையும் ஏற்றி விட்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, ராணியக்கா மறைத்தது பூசணித் தோட்டத்தை.

"விறகோ? ஐயோ தம்பி, விறகைக் கண்ணாலை கண்டு கனகாலம். தேங்காய்ப் பொச்சு, பனை ஊமல், காய்ஞ்ச மட்டை, இவ்வளவுதான் நாங்கள் எரிக்கிறது. அதுவும் கொஞ்சூண்டு" என்றார். அந்தத் தம்பியும் பாவம், அப்படியே எழுதிக்கொண்டான். அடுத்த வீட்டிலும் பொச்சு, அதற்கடுத்த வீட்டிலும் ஊமல். ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொண்டதாக நினைக்காதே. ஒருவரும் பேசி வைக்கவில்லை. தானாக வந்தது, என் வாயிலும்தான்.

பதில் வந்தது. "தற்போதைய எரிபொருள் பாவனை மிகக் குறைவு, ஆகவே குறைக்கத்தக்க வெளியேற்றம் எதுவும் இல்லை" என்று. தர்சினி ஸ்கூட்டியை நிறுத்தவும் மறந்து முற்றத்துக்குள் ஓடி வந்தாள். "அன்ரி! உங்கடை ஊரிலை ஒருத்தரும் விறகு எரிக்கேல்லையாம். அப்ப நான் எந்தப் புகையைக் குறைக்கப் போறன்? வானத்திலை இருந்து அவிஞ்ச நெல்லே விழுகுது உங்களுக்கு?" என்று கத்தினாள். கத்திவிட்டு அழுதாள். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாக, அந்த நேரம் பார்த்து அடுப்பின் அடித்தகரமும் முழுதாகக் கழன்றது.

கோபம் வந்தது எனக்கு. ஆனால் யாரைக் கோபிக்க? காட்டில் வனத் திணைக்களம் எல்லைக்கல் நட்டிருக்கிறது. அதற்கு அங்கால் கொப்பு முறித்தால் வழக்கு. ராணியக்காவின் தங்கச்சியைச் சைக்கிளோடும் விறகுக் கட்டோடும் மறித்துக் கோட்டுக்கு ஏற்றியதை நீயும் கண்டாய். மறித்த காட்டுக்காரர் தங்கள் வேலையைச் செய்தார்கள். அவளும் தன் வேலையைத்தான் செய்தாள். அதற்கும் முந்திய சண்டைக்காலம் வேறு இருக்கிறதே. மண்ணெண்ணெய் ஒரு போத்தல் இருந்தாலும் இல்லை என்று சொன்னோம், பற்றறி இருந்தாலும் இல்லை என்று சொன்னோம். கையில் பேப்பரோடு வருகிறவனுக்கு உள்ளதைச் சொன்னால் உள்ளது போய்விடும் என்று தாய்ப்பாலோடு குடித்த சனம் நாங்கள். காபனுக்காக வந்தவன் எவன், காட்டுக்காக வந்தவன் எவன் என்று முகத்தைப் பார்த்துத் தெரியுமா?

நீ மட்டும் என்ன செய்தாய், மச்சாள்?

டவுன் ஆஸ்பத்திரியில் உன்னைக் கதிரையில் இருத்தி நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு அந்த டொக்டர் பிள்ளை கேட்டாள்: "அம்மா, வீட்டிலை என்ன அடுப்பு? விறகோ?" நீ கண்ணும் வெட்டாமல், "இல்லை டொக்டர், காஸ்" என்றாய். நான் உன்னை முழங்கையால் இடித்தேன். நீ திரும்பி என்னை முறைத்தாய். அவளும் ஆஸ்பத்திரித் துண்டில் காஸ் என்றே எழுதினாள். பிறகு தூசி என்றார்கள், சளி என்றார்கள், மாறி மாறி மருந்து தந்தார்கள். பஸ்ஸுக்குள் உன்னைப் பிடித்து ஏசினேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாய். "வெள்ளைக் கோட்டுப் போட்டவளும் அரசாங்க ஆள்தானடி. அவள் எழுதிறது எங்கை போய்ச் சேருமெண்டு ஆர் கண்டது?" என்றாய்.

எத்தனை பீப்பாய் வெட்டி ஒட்டினாய்! புகையைப் பிடித்து நெருப்பாக்கத் தெரிந்த உனக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தெரியாமல் போனதே. இதை நினைக்கிற நேரமெல்லாம் உன்மேல் எனக்குப் பொல்லாத கோபம் வருகிறது. செத்தவளோடு சண்டை பிடிக்கிறேன் என்று இவர் நக்கலடிக்கிறார். பிடிக்கத்தான் செய்வேன்.

தர்சினி விடவில்லை. யார் யாரையோ பிடித்து, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, மீள ஒரு தரம் வந்து பாருங்கள் என்று கெஞ்சி இன்றைய திகதியை எடுத்தாள். நேற்றுப் பின்னேரம் சங்கத்தைக் கூட்டினேன். "நாளைக்கு உண்மையைச் சொல்லுவம். விறகு எரிக்கிறம் எண்டு சொன்னால்தான் அடுப்பு வரும்" என்றேன்.

ராணியக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "அடுப்பு வருமோ வராதோ, எனக்குத் தெரியாது. காட்டுக்காரர் வருவினம். அப்ப நீ வருவியோ கோட்டுக்கு?"

"வருவன்."

"வந்து? எனக்குப் பக்கத்திலை நிண்டு தேத்தண்ணி வாங்கித் தருவாயோ? போடி விசரி. நுணலும் தன் வாயாலை கெடும்."

கூட்டம் அதோடு கலைந்தது. அவர் சொல்வதிலும் பிழை இல்லையே. உண்மையைச் சொன்னால் வழக்கு வரலாம். சொல்லாவிட்டால் அடுப்பு இல்லை. இரவெல்லாம் பாயில் புரண்டேன். இதோ இப்போதும் கதிரையில் இருக்க முடியவில்லை. பொறு, நாய் குரைக்கிறது. வாகனச் சத்தம் போலக் கிடக்கிறது. வந்து சொல்லுகிறேன்.

இப்போது பின்னேரம். போய்விட்டார்கள். அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதே.

பெரிய ஐயா ஒருவரும் அந்த முதல் தரம் வந்த தம்பியும் வந்தார்கள். ஐயா பொறியியலாளராம், தமிழ் கொஞ்சம்தான் வரும். தர்சினி இடையில் நின்று சொல்லிக் கொடுத்தாள். அடுப்பை ராணியக்கா வளவிலேயே வைத்தோம். அடிக்கு ஒரு பழைய தாச்சிச் சட்டியை வெட்டி முட்டுக்கொடுத்திருந்தேன். உமியைக் கொட்டி, மேலே நெருப்பு வைத்து, பற்றறியைக் கொழுவினால் காத்தாடி சுற்றவில்லை! நீ செய்கிறது போல உள்ளங்கையால் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். சுற்றியது. புகை எழும்பி, சுருண்டு, திடீரென்று நீல நெருப்பாக மாறியது. ஐயா முழங்காலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு சுற்றிச் சுற்றி வந்தார். என்னவோ கேட்டார். "இந்தத் துளையளை எப்பிடிக் கணக்குப் பாத்துப் போட்டவை எண்டு கேக்கிறார்" என்றாள் தர்சினி.

"போட்டுப் போட்டுப் பாத்தவள் ஐயா. எட்டுப் பீப்பாய் பாழாப் போச்சு" என்றேன். அவர் சிரித்தார்.

பிறகு அந்தத் தம்பி பேனையை எடுத்தான். "சரி, இந்த அடுப்பு இல்லாத நாளிலை நெல் அவிக்க என்ன எரிக்கிறியள்?"

வளவு நிறையப் பெண்கள். ராணியக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வதனி, அந்த நேரம் எனக்கு முன்னால் இருந்தது பேனை இல்லை. உன் நெஞ்சில் வைத்த குழாய்தான். காஸ் என்று நீ சொன்ன சத்தம் காதுக்குள் அப்படியே கேட்டது.

"விறகு" என்றேன். "காட்டு விறகு. எல்லைக்கல்லுக்கு அங்காலை போய்த்தான் எடுக்கிறனாங்கள். ஒருக்கா அவிக்கச் சைக்கிளிலை ரெண்டு கட்டு வேணும். கிழமையிலை நாலைஞ்சு தரம் அவிக்கிறன். நான் போன முறை சொன்னது பொய். என்ரை பேரிலை எழுதுங்கோ, மற்றவையின்ரை பேர் வேண்டாம்."

தர்சினி மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தாள். பிறகுதான் சொன்னாள். தம்பி எழுதலாமா வேண்டாமா என்று ஐயாவின் முகத்தைப் பார்த்தான்.

"என்னத்துக்கு அவளின்ரை பேரிலை மட்டும்?"

ராணியக்காவின் குரல். திரும்பிப் பார்த்தால் அவர் வளவின் பின்பக்கம் நடந்துபோகிறார். ஆட்டுக்குட்டியை இறக்கிவிட்டார். சருவச்சட்டி இரண்டையும் எடுத்து எறிந்தார். தறப்பாளின் முனையைப் பிடித்து ஒரே இழுவை. அவ்வளவு விறகும் வெளியே வந்தது. "இந்தா கிடக்கு. இதுவும் எழுதுங்கோ. படமும் எடுங்கோ. ராணி எண்டு வடிவா எழுதுங்கோ, பிழையா எழுதிப்போடாதேங்கோ" என்றார். சொல்லிவிட்டு அந்த விறகின் மேலேயே இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒருவர் விடாமல் சொன்னார்கள். ஒருத்தி தனக்குப் பாலை விறகுதான் பிடிக்கும், நின்று எரியும் என்று விளக்கமே கொடுத்தாள். தம்பிக்கு எழுதி மாளவில்லை.

இந்த விபரம் காபன் கணக்குக்கு மட்டும்தான், வேறு இடத்துக்குக் கொடுக்கமாட்டோம் என்று ஐயா சொன்னார். நம்பலாமா? அவர் முகத்தில் பொய் தெரியவில்லை. ஆனால் பேப்பர் யார் கைக்குப் போகும் என்று அவருக்கே தெரியுமா?

போகும்போது ஐயா தமிழிலேயே கேட்டார்: "இது செய்த ஆள் எங்கே?"

"செத்துப்போனாள் ஐயா."

"என்ன வருத்தம்?"

"நெஞ்சு வருத்தம். இந்த விறகுப் புகை."

அவர் தம்பியிடம் என்னவோ சொன்னார். தர்சினி மெல்லக் கேட்டாள்: "அன்ரி, அதுக்கு ஆஸ்பத்திரித் துண்டு இருக்கோ எண்டு கேக்கிறார். புகையாலை எண்டு எழுதியிருந்தால் விண்ணப்பத்தோடை சேக்கலாமாம். நல்ல பலமாம்."

துண்டு அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. அதில் காஸ் அடுப்பு என்று இருக்கிறது.

"டொக்டர் கேட்டவா, ஐயா. இவள்தான் விறகு எண்டு சொல்லேல்லை" என்றேன். ராணியக்கா விறகின் மேல் இருந்தபடியே சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஒப்பாரி போல அழத் தொடங்கினார். உன் செத்தவீட்டில்கூட அவர் இப்படி அழவில்லை.

முடிவு வர மாதங்கள் ஆகும் என்றார்கள். கிடைக்குமோ தெரியாது. அதற்கு முந்திக் காட்டுக்காரர் வந்துவிடுவார்களோ, அதுவும் தெரியாது. இவர் படலையைப் பூட்டிவிட்டு வந்து, "இனி வாகனச் சத்தம் கேட்டால் ஆரெண்டு பாத்து ஓடுறது, அடுப்புக்காரரோ காட்டுக்காரரோ?" என்கிறார். ராணியக்கா அந்தத் தறப்பாளை மடித்து என் கையில் தந்துவிட்டுப் போனார். "இனி இதாலை மூடி என்ன பிரியோசனம்? நெல்லுக் காயப்போடு" என்றார்.

மச்சாள், இன்னொன்று. உனக்கு மட்டும் சொல்ல நினைத்தது, மற்றவர்களும் கேட்கட்டும். எனக்கும் ஆறு மாதமாக இருமல். மழைக்காலத்துச் சளி என்று இவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மழை விட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. ராணியக்காவுக்கும் இருக்கிறது, கேட்டால் வெற்றிலை என்பார்.

வியாழக்கிழமை டவுன் ஆஸ்பத்திரியில் கிளினிக். போவேன். ராணியக்காவையும் இழுத்துக்கொண்டு போவேன். அதே டொக்டர் பிள்ளைதான் இருக்கிறாளாம். "வீட்டில் என்ன அடுப்பு?" என்று கேட்பாள். விறகு என்று சொல்வேன். அவள் கேட்க மறந்தாலும் சொல்வேன். என் துண்டில் அதை எழுதும்வரைக்கும் கதிரையை விட்டு எழும்பமாட்டேன். எழுதியபிறகு, இதே நெஞ்சோடு ஒருத்தி முந்தி இஞ்சை வந்தவள், அவளின்ரை துண்டையும் திருத்தித் தாங்கோ என்று கேட்பேன். திருத்தமாட்டார்கள், தெரியும். கேட்பேன். இது உனக்கு என் சத்தியம்.

ஒரே பீப்பாயடியில் உன்னோடு புகை குடித்த,
உன் மாமி மகள், சண்டைக்காரி மச்சாள்,
தேவி